சென்னை ஈரக்காற்றில் ஸ்டேடிக் (நிலைமின்சாரம்) வருமா? கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்பது எது?

கேள்வியின் சாரம் இது. சென்னையில் வீடு. பழைய டெஸ்க்டாப்பில் கூடுதல் ரேமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் போட வேண்டும். கனடாவில் இருக்கும் அண்ணன், "ரிஸ்ட் ஸ்ட்ராப் இல்லாமல் உள்ளே கை வைக்காதே" என்கிறார் (மணிக்கட்டில் கட்டி, ஒரு வயர் வழியாக உடலின் மின்னேற்றத்தை வடியவிடும் பட்டை அது). ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரரோ, "இந்த ஊர் ஈரக்காற்றில் ஸ்டேடிக்காவது ஒன்றாவது" என்று சிரிக்கிறார். ஆனால் கேபினெட்டை வெறும் விரலால் தடவினாலே சுர்ரென்று இருக்கிறது. இதுதான் ஸ்டேடிக்கா, இதனால் ரேம் போய்விடுமா, அண்ணன் சொல்வது சரியா, கடைக்காரர் சொல்வது சரியா?

இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் விரலில் தெரியும் அந்தச் சுர் அநேகமாக ஸ்டேடிக்கே இல்லை. அது வீட்டு எர்த்திங் சம்பந்தப்பட்டது. உண்மையில் சில்லுகளைக் கெடுக்கும் ஸ்டேடிக்கோ, பெரும்பாலும் விரலில் தெரியவே தெரியாது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அண்ணனும் கடைக்காரரும் எங்கே சரி, எங்கே தப்பு என்று சொல்ல முடியும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு அசெம்பிளி ஆலையில், நிலைமின்சாரத்தால் போர்டுகள் கெடாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். அதன் பிறகு போர்டு ரிப்பேர்தான் தொழில். சில்லு வடிவமைப்பவன் அல்ல. ஒரு போர்டு செத்து வந்தால், அதைக் கொன்றது ஸ்டேடிக்தானா என்று மேசையில் வைத்துப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. சில்லின் மேல்மூடியை அமிலத்தில் கரைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் வசதி உள்ளவர்களால்தான் முடியும். "இது ஸ்டேடிக்கில் போனது சார்" என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் சர்வீஸ் கடைகளை நம்ப வேண்டாம்.

முதலில் அந்தச் சுர். ஸ்டேடிக் என்றால் 'டப்' என்று ஒரே ஒரு முறை அடித்துவிட்டு அடங்கிவிடும். உடலில் சேர்ந்திருந்த மின்னேற்றம் அந்த ஒரு நொடியில் காலி. திரும்ப அடிக்க வேண்டுமென்றால் நீங்கள் எழுந்து நடந்து, எதையாவது உரசி, மறுபடி சேர்க்க வேண்டும். உங்களுக்கு இருப்பதோ விரலை வைத்துத் தடவும் வரை தொடர்ந்து இருக்கிறது. செருப்புப் போட்டால் குறைகிறது, வெறுங்காலோடு நின்றால் கூடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது ஈ.பி. லைனிலிருந்து கசிந்து வரும் ஏ.சி. மின்னோட்டம்.

எங்கிருந்து கசிகிறது? கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில், மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட ஒரு சுற்று உண்டு. அதில் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் உலோக உடலோடு இணைந்திருக்கும். மூன்றாவது பின், அதாவது எர்த், ஒழுங்காக இருந்தால் இந்தக் கசிவு சத்தமில்லாமல் எர்த்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் அந்தரத்தில் தொங்குகிறது; இரண்டு கெபாசிட்டர்களுக்கும் நடுவில், 230 வோல்ட்டில் பாதியான 115 வோல்ட் அளவில் நிற்கிறது. அந்தக் கெபாசிட்டர்கள் சில நானோஃபாரட்தான் என்பதால் உங்கள் வழியாக ஓடும் மின்னோட்டம் அரை மில்லியாம்புக்கும் குறைவு. ஆளைத் தூக்கி எறியாது. விரல் நுனி லேசாக உரசும்போது மட்டும் அந்தக் கிர்ரென்ற அதிர்வு தெரியும். டெஸ்டரை கேபினெட்டில் வைத்தால் மங்கலாக எரியும்.

இரண்டு பின் அடாப்டரோடு வரும் உலோக உடல் லேப்டாப்களில் சார்ஜ் போடும்போது இதே கிர் இருக்கும். அங்கே எர்த் பின்னே கிடையாது, கசிவை ஒரு வரம்புக்குள் வைத்தே வடிவமைத்திருப்பார்கள். வீட்டு வயரிங் மேல் பழி போட வேண்டாம். ஆனால் எந்தக் கருவியானாலும் சுர் என்ற நிலை தாண்டிக் கையை உதறவைக்கும் அளவுக்கு அடித்தால் அது வேறு விஷயம். எங்கோ இன்சுலேஷன் போய், ஃபேஸ் நேராக உடலைத் தொடுகிறது என்று பொருள். ரேமை மறந்துவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள்.

உங்கள் வீட்டில் எர்த் எங்கே அறுந்திருக்கும் என்று தேடினால், பெரும்பாலும் சுவரைவிட எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் இருக்கும். வெளியே மூன்று துளை, உள்ளே இரண்டே வயர் என்று விற்கும் பெட்டிகள் நிறைய. மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டர் போட்டிருக்கலாம். பிளக்கின் பெரிய பின்னை யாராவது உடைத்தே போட்டிருக்கலாம். இதில் பலர் கவனிக்காத ஒன்று: அப்படிப்பட்ட பெட்டியில் சி.பி.யூ., மானிட்டர், பிரின்டர் மூன்றையும் செருகினால், அவற்றின் எர்த் பின்கள் பெட்டிக்குள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், ஆனால் பூமிக்குப் போகாது. மூன்றின் கசிவும் கூடி ஒரே இடத்தில் உங்களை அடிக்கும். மூன்றில் ஒன்று பழுதானால் மூன்றின் உடலிலும் மின்சாரம் வரும்.

பெட்டியை விட்டு நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். சுர் நின்றுவிட்டால் பெட்டிதான் குற்றவாளி. நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டுக்குப் பச்சை வயர் வந்திருக்கிறதா, அது உண்மையில் எர்த் குழிவரை போகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அப்படியே 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள். சில எலக்ட்ரீஷியன்கள் எர்த் கிடைக்காத இடத்தில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, "ஆச்சு சார், இப்போ அடிக்காது" என்பார்கள். உண்மைதான், அடிக்காது. ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த நிமிடமே கேபினெட் முழுவதும் 230 வோல்ட். இதை மட்டும் செய்யவிடாதீர்கள்.

இந்தக் கசிவு ரேமைக் கெடுக்குமா என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு வேலை செய்யும்போது கசிவே கிடையாது, கெடுக்காது. இது பெரும்பாலும் கொல்வது போர்ட்டுகளை, அதாவது வயர் செருகும் துளைகளை. எர்த் இல்லாத கம்ப்யூட்டர் 115 வோல்ட்டில் மிதக்கிறது. டி.வி.யோ கேபிள்காரரின் கோஆக்ஸ் வயர் வழியாக வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது. இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகுகிறீர்கள். வெளி உலோக வளையம் முதலில் தொட்டால் பரவாயில்லை, கனெக்டரும் அந்த நோக்கத்தில்தான் செய்யப்பட்டிருக்கிறது. கொஞ்சம் சாய்த்துச் செருகினாலோ, வளையம் தேய்ந்திருந்தாலோ, அந்த வித்தியாசம் சிக்னல் பின் வழியாக உள்ளே பாயும். எச்.டி.எம்.ஐ. போர்ட் செத்து வரும் போர்டுகளை விசாரித்தால் திரும்பத் திரும்ப இந்தக் கதைதான் வருகிறது: எர்த் இல்லாத கம்ப்யூட்டர், கேபிள் இணைப்போடு டி.வி., இரண்டும் ஆனில் இருக்கும்போது செருகினேன் என்று. இது என் ஊகம்தான், ஆய்வுக்கூட நிரூபணம் இல்லை. ஆனால் இரண்டையும் சுவரில் அணைத்துவிட்டுச் செருகுவதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

சரி, இப்போது நிஜ ஸ்டேடிக்குக்கு வருவோம். இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னேற்றம் தாவுகிறது. காற்றில் ஈரம் இருந்தால் பரப்புகளின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, சேர்ந்த மின்னேற்றம் அதன் வழியே கசிந்துவிடும். காற்று வறண்டிருந்தால் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பழைய கையேடு ஒன்றிலிருந்து எல்லாப் பயிற்சி வகுப்பிலும் காட்டும் ஒரு அட்டவணை உண்டு. கம்பளத்தின் மேல் நடந்தால், ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருக்கும்போது உடலில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். 65 முதல் 90 சதவீதத்தில் அதே நடைக்கு 1,500. வினைல் தரையில் 12,000 என்பது 250 ஆகிறது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 6,000 என்பது 100. இவை தோராயமானவைதான், செருப்பு, துணி, தோலின் வறட்சி எல்லாம் சேர்ந்து மாற்றும். ஆனால் ஈரப்பதத்தால் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

ஆக, உங்கள் அண்ணன் அவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார். கனடாக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று பயங்கரமாக வறண்டுவிடும், தரையெல்லாம் கம்பளம், கதவுப்பிடியைத் தொட்டாலே பொறி பறக்கும். சென்னையில் ஜன்னல் திறந்த அறையில், மொசைக் தரையில் வெறுங்காலோடு, பருத்திச் சட்டையில் உட்கார்ந்திருப்பவர் அந்த அட்டவணையின் கீழ்க்கோடியில் இருக்கிறார். வெறுங்கால் என்பதை யாரும் பேசுவதில்லை. சிமெண்ட், மொசைக் தரை ஓரளவுக்கு மின்னேற்றத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். வீட்டுக்குள் செருப்புப் போடாத நம் பழக்கம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் அந்த அளவுக்கு உதவாது.

ஆனால் கடைக்காரரின் சிரிப்பில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, ஏ.சி. அறை. ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. கதவை மூடி இரவு முழுக்க ஓடிய அறையின் ஈரப்பதம் வெளியே இருப்பதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். அங்கே பாலியஸ்டர் துணி போட்ட சுழல் நாற்காலியிலிருந்து ரப்பர் செருப்போடு எழுந்தால், சென்னையிலும் நல்ல வோல்ட்டேஜ் ஏறும். கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் கோடை மதியங்களில் ஏ.சி. இல்லாமலே காற்று வறண்டுவிடும்.

இரண்டாவது ஓட்டை பெரியது. மனித விரலுக்கு ஸ்டேடிக் அடித்தது தெரிய வேண்டுமென்றால் உடலில் சுமார் 3,000 வோல்ட்டாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே நடப்பது எதுவும் நமக்குத் தெரியாது. "இத்தனை வருஷமாக எனக்கு ஒரு தடவைகூட அடித்ததில்லை" என்று கடைக்காரர் சொன்னால், "3,000-க்கு மேல் போனதில்லை" என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். 1,000 வோல்ட்டில் அவர் ஒரு நாளைக்குப் பத்து முறை தொட்டிருக்கலாம், அவருக்கே தெரியாமல்.

அந்த 1,000, 2,000 வோல்ட் ஒரு சில்லை என்ன செய்யும்? சோதனைக்கூடங்களில் மனித உடலை 100 பைக்கோஃபாரட் கெபாசிட்டரும் 1,500 ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்த ஒரு எளிய சுற்றாக வைத்துக்கொள்கிறார்கள். 2,000 வோல்ட்டில் அதில் இருக்கும் ஆற்றல் ஒரு மில்லிஜூலில் ஐந்தில் ஒரு பங்கு. ஒன்றுமே இல்லை எனலாம். ஆனால் அது ஒரு மைக்ரோவினாடியில் சிறு பகுதிக்குள் பாய்கிறது, உச்சத்தில் 1 ஆம்பியருக்கு மேல். போய்ச் சேரும் இடமோ கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி. டிரான்சிஸ்டரின் 'கேட்' (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் முனை) என்பதற்குக் கீழே உள்ள ஆக்சைடு படலம் தோராயமாக ஒரு நானோமீட்டருக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில்தான் தாங்கும். இன்றைய சில்லுகளில் அந்தப் படலம் சில நானோமீட்டர் கனம். கணக்கு உங்களுக்கே புரியும்.

அப்படியென்றால் தொட்ட சில்லெல்லாம் செத்திருக்க வேண்டுமே? சாகவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு பின்னுக்கும் பின்னால் வரும் மின்னேற்றத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் பாதுகாப்புச் சுற்று ஒன்றை வைத்தே சில்லு செய்கிறார்கள். வெகுகாலம் 2,000 வோல்ட் தாங்க வேண்டும் என்பது தொழில்துறையின் இலக்காக இருந்தது. சில்லு நிறுவனங்கள் சேர்ந்த குழு ஒன்று 2007 வாக்கில், ஆலைகளில் கட்டுப்பாடு நன்றாக இருப்பதால் 1,000 போதும் என்று பரிந்துரைத்தது. அதாவது ஆலை ஒழுங்காக நடந்துகொள்கிறது என்ற நம்பிக்கையில் சில்லின் கவசத்தை மெலிதாக்கியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை உங்கள் வீட்டு மேசைக்குப் பொருந்துமா என்பது வேறு.

இணையத்தில் ரேமுக்கு வேண்டுமென்றே பொறி விட்டுவிட்டு, "பாருங்கள், ஓடுகிறது" என்று காட்டும் வீடியோக்களை நீங்களும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவை பொய் என்று நான் சொல்லவில்லை. ரேம் குச்சியில் விரல் படும் இடங்களில் பல கிரவுண்டுக்கு (போர்டின் பொதுவான பூஜ்ய இணைப்புக்கு) போகின்றன. அங்கே அடித்தால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. போர்டில் ஏறிய சில்லு தனிச் சில்லைவிடப் பொதுவாகப் பத்திரமானது. ஒரு ரேமைக் கொல்வது எளிதல்ல என்பது அந்த வீடியோக்களிலிருந்து சரியாகவே தெரிகிறது. ஆனால் ஆயிரத்தில் ஒன்று சாகுமா என்பதை ஒரே குச்சியை வைத்துச் சொல்ல முடியாது. ஆலைக்கு அந்த ஆயிரத்தில் ஒன்றுதான் பிரச்சினை. உங்களிடம் இருப்பதோ ஒரே குச்சி. அதில் ஆபத்து நிஜமாகவே சிறியது.

இதில் சந்தேகத்துக்கு உரிய பகுதி ஒன்று உண்டு. "உடனே சாகாவிட்டாலும் உள்ளே காயம் பட்டு ஆறு மாதத்தில் சாகும்" என்பார்கள், மறைகாயம் மாதிரி. ஸ்டேடிக் அடித்துச் சில்லு அப்போதே சாவது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. உருகிய தடமும் துளைபட்ட ஆக்சைடும் படமாகவே இருக்கின்றன. மறைகாயத்தைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் வெளியுலகில் கெட்டுப்போகும் கருவிகளில் எத்தனை இப்படிச் சாகின்றன என்பதில் துறை வல்லுநர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஸ்டேடிக்கை வடியவிடும் மேசை மேட், ஸ்ட்ராப் விற்பவர்களின் விளம்பரங்களில் பத்துக்கு ஒன்பது என்ற ரகத்தில் சதவீதக் கணக்குகள் வரும். நான் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. ரிப்பேருக்கு வருகிற போர்டுகளில் தண்ணீர், ஈ.பி. லைனில் நியூட்ரல் போய் ஏறிய வோல்ட்டேஜ், இடி இடித்தபோது கேபிள் வழியே வந்தது, இந்த மூன்றும்தான் எனக்கு முக்கால்வாசிச் சோறு போடுகின்றன.

இனி என்ன செய்வது என்பது. ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வந்துவிடும். ரேமைக் கொல்வது உங்கள் உடலில் உள்ள மின்னேற்றம் அல்ல, உங்களுக்கும் ரேமுக்கும் ரேம் போய் உட்காரும் போர்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால், அந்த மட்டம் பூமியைவிட எவ்வளவு மேலே இருந்தாலும் எதுவும் பாயாது. அதனால் உங்கள் வீட்டில் எர்த் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஸ்ட்ராப்பின் முதலைக் கிளிப்பை கேபினெட்டில் பெயிண்ட் இல்லாத உலோகத்தில், எஸ்.எம்.பி.எஸ். திருகு இருக்கும் இடம் மாதிரி, மாட்டினால் போதும். நீங்களும் கேபினெட்டும் ஒன்று. ஸ்ட்ராப் இல்லாவிட்டால், இடது மணிக்கட்டை அந்த உலோகச் சட்டத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு வலது கையால் வேலை செய்வது அதே பலனைத் தரும். ஸ்ட்ராப்பின் ஒரே உபரி லாபம், நீங்கள் மறந்தாலும் அது மறக்காது.

பிளக்கை மாட்டி வைத்துவிட்டு சுவிட்சை மட்டும் அணைத்தால் எர்த் கிடைக்குமே என்று வெளிநாட்டு வழிகாட்டிகளில் படித்திருப்பீர்கள். நம் ஊரில் நான் அதைச் சொல்ல மாட்டேன். சாக்கெட் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டுகிறது, அதுவும் வயரிங் சரியாக இருந்தால். மாற்றி இணைத்த வீடுகளில் அது நியூட்ரலை வெட்டும், ஃபேஸ் உள்ளேயே நிற்கும். எர்த்தும் இல்லாவிட்டால் அணைத்த பிறகும் கேபினெட் அடிக்கும். உங்கள் வீட்டில் எர்த் சந்தேகம் என்று ஏற்கெனவே தெரிகிறது. கழற்றிவிடுங்கள்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். ஷட் டவுன், சுவரில் ஆஃப், பிளக்கைக் கழற்றுதல், மானிட்டர், நெட்வொர்க் உட்பட எல்லா வயரையும் எடுத்தல். அப்புறம் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருப்பது வடிந்துவிடும். மதர்போர்டில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணையும். ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டு உட்காருங்கள். மரமேசையே போதும், இல்லாவிட்டால் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி. முதலில் சட்டத்தைத் தொடுங்கள், பிறகு ரேம் கவரை எடுங்கள், கவரையும் சட்டத்தில் ஒருமுறை தொடவிட்டுப் பிரியுங்கள். ரேமை இரு ஓரங்களில் பிடியுங்கள், தங்கநிறப் பற்களில் விரல் படாமல். யாராவது உதவிக்கு இருந்தால் ரேமைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கும் முன் ஒருவர் கையை ஒருவர் தொட்டுவிட்டுக் கொடுங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் இந்த ஒரு பழக்கத்துக்காகவே ஆலையில் புதியவர்களைத் திரும்பத் திரும்ப அதட்டுவோம்.

ஸ்ட்ராப் வாங்குவதானால் வயர் உள்ளதாக வாங்குங்கள். வயர் இல்லாத ஸ்ட்ராப் என்று ஆன்லைனில் விற்பது சுத்த ஏமாற்று. மின்னேற்றம் போக ஒரு பாதை வேண்டும், அதில் பாதையே இல்லை. வந்ததும் மல்டிமீட்டரில், தோலைத் தொடும் உலோகத் தகடுக்கும் கிளிப்புக்கும் இடையே அளந்து பாருங்கள். 1 மெகாஓம் சுற்றிக் காட்ட வேண்டும். அந்த ரெசிஸ்டர் உங்கள் உயிருக்காக இருக்கிறது: தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் கால் மில்லியாம்புக்குள் மட்டுப்படுத்தும். ஸ்டேடிக்கை வெளியேற்ற இது தடையும் அல்ல; அந்தப் பாதையில் உடல் காலியாக ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. மீட்டர் பூஜ்யத்தைக் காட்டினால் தூக்கிப் போடுங்கள், அது ஆபத்து. ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. மின்சாரம் ஓடும் போர்டை அளக்கும்போதும், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்து பார்க்கும்போதும் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட வேண்டும்.

ஸ்ட்ராப் போட்டும் தப்பாத ஒரு வழி உண்டு, அதைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசுவதில்லை. மின்னேற்றம் உங்களிடம் இல்லாமல் போர்டிலேயே இருக்கலாம். தெர்மகோல் மேல் வைத்து எடுத்த ஒரு சில்லோ போர்டோ ஏற்றம் கொண்டிருக்கும்; அதை ஒரு ஸ்டீல் மேசையில் வைத்த கணம், நானோவினாடிகளில் காலியாகும். மனித உடலின் 1,500 ஓம் தடைகூட அதில் கிடையாது என்பதால் மின்னோட்டம் கூர்மையாக எகிறும். ஆலைகளில் இன்று அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மேசை மேல் விரிக்கும் அந்த நீல, பச்சை மேட் உலோகம் போலச் சட்டென்று இழுக்காமல் மெதுவாக வடியவிடுவதற்காகவே லட்சம் ஓம்களுக்கு மேல் தடையோடு செய்யப்படுகிறது. அதிக ஏற்றம் காட்டும் பிளாஸ்டிக், தெர்மகோல், பாலித்தீன், செல்லோடேப் உருளை, தண்ணீர் பாட்டில் எதுவும் போர்டுக்கு 30 சென்டிமீட்டர் அருகே வரக்கூடாது என்று விதி. வீட்டில் இதற்காகச் செலவு எதுவும் வேண்டாம். புது ரேம் வந்த பபிள் ராப், தெர்மகோல் எல்லாவற்றையும் மேசையிலிருந்து அகற்றிவிட்டு ஆரம்பியுங்கள். சோபா, பாலியஸ்டர் விரிப்பு மேல் வேலை வேண்டாம்.

கேபினெட்டைத் திறந்த கையோடு தூசும் தட்டலாம் என்று நினைப்பீர்கள். வீட்டு வாக்கும் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கைப் போர்டில் உரச விடாதீர்கள். தூசு உரசி ஓடும் அந்தக் குழாய் நன்றாக மின்னேற்றம் சேர்க்கும். கொஞ்சம் தள்ளி நின்று ஊதும் பிளோயர் தேவலாம், விசிறிகளை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். நைலான் பிரஷ் வேண்டாம்.

கடைசியாக, ரேம் வந்த கவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: சில்வர் கவரின் மேல் மதர்போர்டை வைத்து ஓட்டிப் பார்க்கலாமா என்று. வேண்டாம். வெள்ளி நிறக் கவரில் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய உலோகப் படலம் இருக்கிறது. பொருளை உள்ளே போட்டு வாயை மூடினால் அந்தப் படலம் சுற்றிலும் கவசமாக நின்று வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்கும். கவருக்கு வெளியே, அதன் மேல் வைத்தால் கவசம் எதுவும் இல்லை. போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சால்டர் முனைகள் மேலடுக்கைக் குத்தினால் உலோகமும் தொடும். கறுப்பு கார்பன் கவர் இன்னும் மோசம், அதன் பரப்பே மின்சாரத்தைக் கடத்தும், மதர்போர்டின் 3 வோல்ட் காயின் பேட்டரிகூட அதன் வழியே தீர்ந்துபோகலாம். இளஞ்சிவப்புக் கவர் தானாக ஸ்டேடிக் உண்டாக்காது என்பதோடு சரி, வெளியிலிருந்து வருவதை நிறுத்தாது. அதில் தடவிய ரசாயனமும் காலப்போக்கில் போய்விடும். கழற்றிய பழைய ரேமை யாருக்காவது கூரியரில் அனுப்பப் போகிறீர்கள் என்றால், புது ரேம் வந்த சில்வர் கவரில் கிழிசலோ ஓட்டையோ இல்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போட்டு மடித்து ஒட்டுங்கள். பபிள் ராப் அதற்கு வெளியே.